பேசக் கற்றுக்கொள்ளும் பெற்றோர்கள்

"எனக்குக் கல்யாணமாகி 25 வருஷம் ஆகிறது. இரண்டு குழந்தைகளுக்கு மழலையிலிருந்து பேச்சுச் சொல்லிக் கொடுத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்குப் போய்ப் பேசக் கற்றுத் தருகிறேன் என்கிறீர்களே!"

அந்த அம்மாள் இப்படிச் சொன்னபோது குரலில் கோபம் பாதி, அழுகை பாதி. எதிரே உட்கார்ந்திருந்த ஆலோசகப் பெண்மணி கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்குப் பேசத் தெரியாது என்று யார் சொன்னது, அம்மா? காய்ச்சல்காரனுக்குச் சமைப்பது வேறு சமையல் இல்லையா? அதைப்போல இது வேறு பேச்சு. அவ்வளவுதான்" என்றார்.

சென்னையில் ஒரு மனநல சிகிச்சை நிலையத்தின் மாடி அறை அது. சனிக்கிழமை மாலை நாலு மணி. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஐந்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகு, ஓர் ஓரத்தில் நமக்கும் இடம் கிடைத்தது.

ஐந்து வீட்டுக் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அம்மாளின் பிள்ளைக்கு வயது 21. என்ஜினீயரிங் கல்லூரியில் மூன்றாவது வருஷம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிநேகிதர்களை ஒதுக்கினான். அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். ராத்திரி தூக்கம் போயிற்று. பக்கத்து வீட்டார் தன் செல்போன் வழியாகத் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒரு நாள் சொன்னான். பரீட்சைப் பயம் என்றார் தகப்பனார். காதல் விவகாரமாயிருக்கும் என்றார் அத்தை. கண்ணேறு என்றார் பாட்டி. மூன்று மாதம் கோயில் குளம் என்று அலைந்த பிறகுதான் டாக்டரிடம் வந்தார்கள்.

'ஸைக்கோஸிஸ்' என்றார் டாக்டர். இல்லாத குரல் காதில் கேட்பது, இல்லாத சதி இருப்பதாக உறுதியாக நம்புவது, எண்ணங்கள் சிக்கு விழுந்த நூல்போல் ஆவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது. மனச்சிதைவு நோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். வேறு காரணத்தாலும் வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

மருந்து கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பையனின் காதுக்குள் கேட்ட சத்தம் அடங்கிவிட்டது.

ஆனால் வீட்டில் கேட்ட சத்தம் அடங்கவில்லை!

ஒன்பது கேள்விகள்

"உங்கள் வீட்டில் காலை ஏழு மணி எப்படி இருக்கும்? கொஞ்சம் நடித்துக் காட்டுங்கள்" என்றார் ஆலோசகர். தகப்பனார் பிள்ளையாக நடிக்க வேண்டும். அவர் பாங்கு அதிகாரி. மிகுந்த சங்கோசத்துடன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தாயார் தாயாராகவே நடித்தார். நடிப்பு என்பதே இரண்டு வாக்கியத்தில் மறந்துபோயிற்று.

"எழுந்திருக்கப் போகிறாயா இல்லையா? மணி என்ன தெரியுமா? ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டாயா? மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டதா? ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய்? இன்றைக்காவது குளிக்கப் போகிறாயா? உன்னோடு படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போவதைப் பார்த்தாயா? இப்படியே படுத்துக் கிடந்தால் யார் சோறு போடுவார்கள்? எங்களை உயிரோடு வைத்திருக்கப் போகிறாயா இல்லையா?"

கூட வந்திருந்த மகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒன்பது கேள்வி, அம்மா!" என்றாள்.

"ஸார், எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லத் தோன்றியது உங்களுக்கு?" என்று ஆலோசகர் கேட்டார்.

தகப்பனார் கண்ணைத் திறந்தார். "எதற்கும் தோன்றவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொள்ளத்தான் தோன்றியது" என்றார்.

அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

லண்டனில் ஒரு புதிர்

இந்த வகுப்பின் பூர்வ கதை 1950-களில் லண்டனில் தொடங்குகிறது. மனநோய்க்கு முதல் நல்ல மருந்தான குளோர்ப்ரோமஸீன் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே காலம் தள்ளிய நோயாளிகள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்பியவர்களில் சிலர் நன்றாயிருந்தார்கள். சிலர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து 1958-ல் முடிவை வெளியிட்டார்கள். அது எல்லாரையும் திகைக்க வைத்தது. தாய் தகப்பனிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைக் காட்டிலும், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை வீட்டிலோ வாடகை அறையிலோ போய் இருந்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள்! பாசம் மிகுந்த வீட்டிலா நோய் திரும்புகிறது?

பாசம் குற்றவாளியல்ல என்பது பிறகு தெரிந்தது. பிரவுன் குழுவினர் வீடு வீடாகப் போய்க் குடும்பத்தாரைப் பேச வைத்து, அதை ஒலிப்பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். என்ன சொன்னார்கள் என்பதோடு, எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார்கள். ஓயாத குறை கூறல், வெறுப்பு, அளவு மீறிய கவலையும் தியாகமும் ஆகிய மூன்றும் கனத்திருந்த வீடுகளை ஒரு பக்கமும், அவை குறைந்த வீடுகளை மறுபக்கமும் பிரித்தார்கள். 1972-ல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியில் 101 நோயாளிகள். ஆஸ்பத்திரியை விட்டு வந்த ஒன்பது மாதத்துக்குள், கனத்த வீடுகளில் 100-க்கு 58 பேருக்கு நோய் திரும்பியது. மற்ற வீடுகளில் 100-க்கு 16 பேருக்கு மட்டுமே!

இன்னொரு சங்கதியும் தெரிய வந்தது. வீட்டார் எதைப் பற்றிக் குறை கூறினார்கள்? குரல் கேட்கிறது, சதி நடக்கிறது என்று பிள்ளை சொல்வதைப் பற்றியல்ல. அதை நோய் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். "படுத்தே கிடக்கிறான், குளிப்பதில்லை, பேசுவதில்லை, எதிலும் சிரத்தையில்லை" என்பதைப் பற்றித்தான் பெரும்பாலும் மனத்தாங்கல். அதுவும் நோயின் ஒரு பகுதிதான் என்பது அவர்களுக்குத் தெரியாது. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டார்கள். கால் முறிந்தவனை ஓடச் சொல்லி யாரும் அதட்டுவதில்லை. கட்டுப் போட்டிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. மனசுக்குப் போட்ட கட்டு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

தாயின் தலையில் பழி

இதைக் கேட்டதும் அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் என்னால்தானே வந்தது? நான் வேலைக்குப் போனதனால்தானே? அதற்காகத்தான் வேலையைக் கூட விட்டுவிட்டேனே!" என்றார்.

நம் சகோதரிகள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு காலத்தில் வைத்தியர்களே தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதுண்டு. மனச்சிதைவு நோயைத் தாயின் வளர்ப்பே உண்டாக்குகிறது என்ற கருத்தை 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனோதத்துவ டாக்டர் எழுதி வைத்தார். அவரும் ஒரு பெண்மணி! எத்தனையோ தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிற்பாடு அந்தக் கருத்துக்கு ஆதாரம் இல்லையென்று வைத்திய உலகம் அதைக் கைவிட்டது. பரம்பரை, மூளை வளர்ந்த விதம், கஞ்சா போன்ற போதைப் பொருள்கள், வாழ்க்கையின் பெரிய அதிர்ச்சிகள் என்று பல சேர்ந்து வரும் நோய் இது. தாயின் வளர்ப்பு அதைக் கொண்டு வருவதில்லை.

வீட்டுப் பேச்சு நோயைக் கொண்டு வராது. வந்த நோய் ஆறுவதற்கு உதவலாம், அல்லது இடைஞ்சல் செய்யலாம். புண்ணை உண்டாக்குவது வேறு, ஆறுகிற புண்ணில் கை படுவது வேறு அல்லவா?

இன்னொன்றையும் ஆலோசகர் சொன்னார். 1958-ல் வெளியான அந்த லண்டன் ஆராய்ச்சியிலேயே, தாயாரோடு வசித்தவர்களில் தாயோ பிள்ளையோ பகலில் வெளியே வேலைக்குப் போன வீடுகளில் நோய் திரும்புவது குறைவாகவே இருந்ததாம். நாள் முழுவதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது இருவருக்குமே பாரம். "வேலையை விட்டது தப்பென்று சொல்லவில்லை, அம்மா. ஆனால் திரும்பப் போவது பிள்ளைக்குச் செய்யும் துரோகமல்ல" என்றார்.

அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை. ஆனால் முந்தானையைக் கீழே விட்டார்.

நாலு பாடங்கள்

குறை கூறாதே என்று உபதேசம் செய்வது சுலபம். அதற்குப் பதிலாக என்ன சொல்வது? அதைத்தான் இந்த வகுப்புகள் கற்றுத் தருகின்றன. இயான் ஃபாலூன் என்ற நியூஸிலாந்து டாக்டர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வீடுகளுக்கே சென்று இந்தப் பயிற்சியைக் கொடுத்தார். 36 நோயாளிகள், எல்லாருக்கும் மருந்து உண்டு. பாதிப் பேருடைய குடும்பத்துக்குப் பயிற்சி. மற்றப் பாதிப் பேருக்குத் தனி ஆலோசனை. ஒன்பது மாத முடிவில், பயிற்சி பெற்ற 18 வீடுகளில் ஒருவருக்கு நோய் திரும்பியது. மற்ற 18 பேரில் எட்டுப் பேருக்கு! 1982-ல் இது வெளியானது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய வழிகாட்டி இன்று இப்படிப்பட்ட குடும்பப் பயிற்சியைக் குறைந்தது 10 அமர்வுகளாவது கொடுக்கச் சொல்கிறது.

பாடங்கள் நாலு. கேட்பதற்குச் சின்னவைதான்.

முதற் பாடம்: நல்லதைச் சொல்வது. "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. முகத்தைப் பார்த்து, அவன் செய்த காரியத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "இன்றைக்கு நீயாகவே தட்டைக் கழுவி வைத்தாய். எனக்குச் சந்தோஷமாயிருந்தது." அவ்வளவுதான். "இதை நேற்றே செய்திருக்கக் கூடாதா?" என்ற வாலை ஒட்டக் கூடாது! இந்த வாலை வெட்டுவதற்கே ஒரு வீட்டாருக்கு இரண்டு வாரம் பிடித்ததாம்.

இரண்டாம் பாடம்: கேட்டுக்கொள்வது. ஒரு சமயத்தில் ஒரு காரியம் மட்டும். "பத்து மணிக்குள் நீ குளித்துவிட்டால் துணி துவைக்க எனக்குச் சௌகரியமாயிருக்கும்." சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நோயிலிருந்து தேறுகிறவனுடைய மனசு மெதுவாக நடக்கிறது. நாம் பத்துவரை எண்ணுவதற்குள் வராத பதில், இருபது எண்ணினால் வரலாம்.

மூன்றாம் பாடம்: வருத்தத்தைச் சொல்வது. கோபமே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லுங்கள்; உங்களுக்கு எப்படியிருந்தது என்று சொல்லுங்கள்; அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். "ராத்திரி ஒரு மணிக்குப் பாட்டு உரக்கக் கேட்டது. நான் தூங்க முடியாமல் தவித்துப்போனேன். காதுக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறாயா?" இதில் 'நீ எப்போதும் இப்படித்தான்' என்ற சொல்லே இல்லை, பாருங்கள்.

நாலாம் பாடம்: காது கொடுப்பது. பிள்ளை பேசும்போது கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, முகம் பார்த்துக் கேட்பது; புரியாததை விசாரிப்பது; கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்பது. புத்திமதி பிறகு. பல வீடுகளில் இந்தப் பாடந்தான் எல்லாவற்றிலும் கடினமாம். குழந்தை வாயைத் திறக்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருக்கிறோம் அல்லவா?

"எங்கள் பெண், டெலிவிஷனில் தன்னைத் திட்டுகிறார்கள் என்கிறாளே, அதற்கு என்ன சொல்வது?" என்று இன்னொரு தாயார் கேட்டார். இல்லவே இல்லை என்று வாதாடினால் சண்டை வளரும். ஆமாம் என்று தலையாட்டினால் பயம் வளரும். "எனக்கு அப்படிக் கேட்கவில்லை, கண்ணம்மா. ஆனால் உனக்குக் கேட்கிறது, பயமாயிருக்கிறது என்று தெரிகிறது. டெலிவிஷனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னோடு உட்காரேன்" என்று சொல்லலாம். பயம் நிஜம், அந்தப் பயத்துக்குத் துணை நிற்கலாம்.

இதற்கெல்லாம் ஓர் எல்லையும் உண்டு. பேச்சு மருந்துக்குத் துணை. மருந்துக்கு மாற்று அல்ல. மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சாவைப் பற்றிய பேச்சு வந்தாலும், யாரையாவது தாக்கும் நிலை வந்தாலும், நாலு பாடத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் அரசாங்கத்தின் 'டெலி மனாஸ்' உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம்.

நம் நாட்டுக் கொடை

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். உலகத்தில் பல இடங்களில் குடும்பத்தாரை வாசலோடு நிறுத்திய காலம் அது! நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்திலும் நோயாளியோடு குடும்பத்தார் தங்கி இருப்பது பழைய வழக்கம். கீழ்ப்பாக்கம் அரசாங்க மனநல ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன் அம்மையார், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். மனச்சிதைவு நோயாளிகளுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் அது பெரிய துணை.

லண்டன் அளவுகோலையே எடுத்துக்கொண்டு சண்டிகரில் வீடுகளை அளந்து பார்த்தார்கள். 1987-ல் வெளியான அந்த முடிவின்படி, அங்கே 100-க்கு 23 உறவினர்களே கனத்த பேச்சுக்காரர்கள். ஐரோப்பிய நகரங்களில் ஏறக்குறைய பாதிப் பேர்! ஆரம்ப நிலை நோயாளிகளைச் சென்னையிலும் கனடா தேசத்து மாண்ட்ரியலிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிகிச்சையில் குடும்பத்தார் கூடவே நிற்பது சென்னையில்தான் அதிகம் என்று தெரிந்தது. கூடத்தில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது சாமானியமல்ல.

ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற பயமும், மார்க்கு ஆசையும், ஒப்பிட்டுப் பேசுவதும் நம்மிடம் இருக்கின்றனவே! அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், மீதி நம் கையில் இருக்கிறது.

குடையும் சாவியும்

இரண்டு மாதம் கழித்து அதே மாடி அறைக்கு மறுபடியும் போயிருந்தோம். அந்த அம்மாள் நம்மை அடையாளம் கண்டு தாமாகவே வந்து பேசினார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லையாம். பையன் இன்னும் கல்லூரிக்குப் போகவில்லை. சில நாள் பன்னிரண்டு மணிவரை தூங்குகிறான். ஒரு தடவை தகப்பனார் பழைய குரலில் கத்திவிட்டார். பிறகு அவரே போய், "கத்தியது தப்புப்பா" என்று சொன்னார். அந்த வீட்டில் தகப்பன் பிள்ளையிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒன்பது கேள்வி இப்போது ஒன்றாகிவிட்டதாம்.

"என்ன கேள்வி?" என்று விசாரித்தோம்.

"'காபி கலக்கட்டுமா?' என்று கேட்பேன். முதலில் பதிலே வராது. நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். இப்போதெல்லாம் கால்மணி நேரத்தில் எழுந்து வந்து உட்காருகிறான்" என்றார். பிறகு சிறிது தயங்கி, "நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், தெரியுமா? காலை வேளை மட்டும். முதல் நாள் வாசலில் நின்றுகொண்டு, போவதா வேண்டாமா என்று தவித்தேன். அவன் உள்ளேயிருந்து வந்தான். குடையை எடுத்து என் கையில் கொடுத்தான். 'சாவி என்னிடம் இருக்கட்டும் அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றான்" என்றார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"'சரிப்பா, குடையை நீயாகவே எடுத்துக் கொடுத்தாய். எனக்குச் சந்தோஷமாயிருக்கிறது' என்றேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். "வாலை ஒட்டவில்லை!"